ஏழாம் எண் பேசவில்லை

லிமாவுக்குக் கிழக்கே, காய்ந்த மலைச்சரிவு.
மழை இங்கே பெய்வதில்லை.
வேறெங்கோ பெய்துவிட்டு இறங்கி வரும்,
கல்லும் சேறுமாக,
யாரோ ஒருவரின் கதவோடு.
வாய்க்கோ என்கிறார்கள் அதை.
வாய்தான்.

போன முறை நகராட்சியின் சங்கு ஊதவில்லை.
சங்கு இருந்தது. மின்சாரம் இல்லை.
மின்சாரத்துக்கு ஒரு கோப்பு இருந்தது.
கோப்பு இன்னும் இருக்கிறது.

செல்போன் பழுதுபார்க்கும் நெலிதா
ஒரு ஷாம்பு புட்டியை வாளித் தண்ணீரில் மிதக்கவிட்டாள்.
புட்டிக்குள் உடைந்த ஸ்பீக்கரின் காந்தம்,
வெளியே காந்தத்தைக் கண்டால் ஒட்டிக்கொள்ளும் ஒரு சுவிட்ச்,
தோட்ட விளக்கிலிருந்து பிடுங்கிய சூரியத் தகடு,
ஒரு முழுக்கோழி விலையில் ரேடியோ.
தண்ணீர் ஏறினால் புட்டி ஏறும்,
புட்டி ஏறினால் பெட்டி பேசும்.
அவ்வளவுதான் அறிவியல்.
மிச்சமெல்லாம் அக்கம்பக்கத்தார்.

ரேடியோவுக்கு மலையை வளைத்துப் பேசத் தெரியாது.
ஒரு கூரை இன்னொரு கூரையைப் பார்த்தாக வேண்டும்,
உச்சியிலிருந்து ரொட்டிக்கடை வரை பன்னிரண்டு.
ரொட்டிக்கடை எவுலோகியா உடனே தந்தாள்.
பள்ளிக்கூடம் மூன்று கூட்டம் போட்டது.
சபையார் ஜெபித்துவிட்டுத் தந்தார்கள்.
ஏழாம் கூரை எர்மோஹெனஸுடையது.
"அது என் பேச்சை ஒட்டுக்கேட்கும்" என்றார்.
"உன் பேச்சை யார் கேட்கிறார்கள்?"
மனைவி ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்போம்.
இவர்கள் உட்கார்ந்து ஊர்வாயைச் செய்தார்கள்.
பன்னிரண்டு சின்ன வாய்கள்,
பத்து நிமிடத்துக்கு ஒருமுறை,
மேலிருந்து கீழே:
இருக்கிறேன். இருக்கிறேன். இருக்கிறேன்.

பிப்ரவரி இரவு. விழித்திருக்கும் முறை
தையல்காரி தெயோபிலாவுக்கு.
ஒன்பது நாற்பதிலிருந்து ஏழு பேசவில்லை.
ஏழு பேசாததால் எட்டும் பேசவில்லை,
பன்னிரண்டு வரைக்கும் இருட்டு.
நோட்டுப்புத்தகத்தில் விதி எழுதியிருந்தது:
பெட்டி பேசினால் ஊது.
பேசாவிட்டால் என்ன செய்வதென்று
யாரும் எழுதவில்லை.

ஊசியில் நூல் கோத்தாள். உருவினாள்.
மறுபடி கோத்தாள்.
பிறகு எழுந்துபோய்
பழைய மினிபஸ்ஸின் ஹாரனை அழுத்தினாள்.

தெரு முழுக்க மேலே ஓடியது.
தோளில் பிள்ளைகள், ஒருவரிடம் கேஸ் சிலிண்டர்,
ஒருவரிடம் அவசரத்தில் எடுத்த
பக்கத்து வீட்டு நாய்.
கால்பந்துத் திடலில் நடுங்கிக்கொண்டு நின்றார்கள்.
மலை சும்மா இருந்தது.

ஏழாம் பெட்டியின் பேட்டரி
எர்மோஹெனஸின் கைரேடியோவுக்குள் இருந்தது.
"கரண்ட் போயிற்று. இரண்டாவது பாதி."
ஒரு செருப்பு பறந்தது.
அவர் வம்சத்தையே இழுத்துத் திட்டினார்கள்.
கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல்
ஸ்கோர் என்னவென்று கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை கை தூக்கி எண்ணினார்கள்.
பெட்டிகள் இருக்கட்டும்: நாற்பத்தொன்று.
கழற்றிவிடலாம்: முப்பத்தெட்டு.
எர்மோஹெனஸ் எதற்கும் தூக்கவில்லை.
தெயோபிலா பழைய விதியின் கீழே,
யாரையும் கேட்காமல், எழுதினாள்:
பேசாவிட்டாலும் ஊது.

பதினொரு நாள் கழித்து அது வந்தது. சின்னதுதான்.
பன்னிரண்டு பதினொன்றிடம் சொன்னது,
எட்டு ஏழிடம் சொன்னது,
ஏழு சொன்னது.
நான்கு நிமிடம் கிடைத்தது.
நான்கு நிமிடத்தில் இரண்டு பிள்ளைகளைத் தூக்கலாம்,
தையல் மெஷினைப் பாதித் தெரு வரை இழுக்கலாம்.
ஃபிரிட்ஜை முடியாது.

சேறு காய்ந்த பிறகு
எர்மோஹெனஸ் நெலிதாவின் கடைக்கு வந்தார்.
கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த
போன் கவர்களைப் பார்த்தபடி கேட்டார்,
ரேடியோவுக்குத் தனியாக ஒரு பேட்டரி
என்ன விலை ஆகும்?

"அரைக்கோழி" என்றாள்.

அவர் திரும்பி
தன் வீட்டுப் பக்கம் பார்த்தார்,
கோழிக்கூண்டு இருந்த இடத்தை.